கழுத்து நிற்காத நாட்கள்

கழுவிய கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று பூபதிக்குத் தெரியவில்லை. முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுத் தேய்த்துப் புதுத் துண்டில் துடைத்தாயிற்று; இனிமேல் போனைத் தொடக்கூடாது, கதவைத் தொடக்கூடாது, முகத்தைத் தொடக்கூடாது என்று போட்டோ எடுக்க வந்திருந்த ஹசீனா சொன்னதிலிருந்து, இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தபடி, தன் வீட்டுப் படுக்கையறையில் தானே விருந்தாளி போல நின்றுகொண்டிருந்தான். சொல்லிவைத்தாற்போல மூக்கு அரித்தது. மூக்கைப் பற்றி நினைக்காமல் இருக்கவேண்டும் என்று நினைத்தான், இன்னும் அரித்தது. ஜன்னல்களை அடைத்து, ஃபேனை நிறுத்தி, மூலையில் ஒரு ஹீட்டரையும் வைத்ததில் அறை இட்லிப் பானை மாதிரி புழுங்கியது. பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது. "நமக்கு வேர்க்கோணும்ங்கண்ணா, அப்பத்தான் பாப்பாவுக்கு இதமா இருக்கும். துணியில்லாம படுக்கப்போறால்ல," என்று சொல்லிக்கொண்டே ஹசீனா ஹீட்டருக்கு முன்னால் தன் கையை நீட்டிச் சூடு பார்த்தாள், திருப்தியில்லாமல் அதை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தாள். மோதிரங்களையும் வாட்ச்சையும் வந்தவுடனே கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டாள். முகத்தில் மாஸ்க். கூடவே கொண்டுவந்திருந்த பெரிய வட்ட மெத்தையைத் தரையில் போட்டு, அதன்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகத் துணி விரித்து, நடுவில் கையால் அழுத்திச் சின்னக் குழி செய்தாள். பறவை கூடு கட்டுகிற மாதிரி என்று நினைத்தவன், பறவைகூட அதை உயரத்தில்தானே கட்டுகிறது, இது தரையிலேயே இருக்கிறது, தரையில் இருந்தால் விழ வழியில்லை, நல்லவேளை, என்று மனசுக்குள் அந்த மெத்தையின் உயரத்தை அளந்தான். விழ வழியில்லை. விழுந்தாலும் துணிமேல்தான் விழும். ஏன் விழவேண்டும்? யார் விழப்போகிறார்கள்? மூக்கு அரித்தது.

நாற்காலியில் வயிற்றுக்குத் தலையணையை அணைகொடுத்து உட்கார்ந்திருந்த பிருந்தா, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அவனைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் கேலி இல்லை. கேலி இருந்தால் பதில் சொல்லிவிடலாம். அவளால் குனிய முடியாது, ஆபரேஷன் தையல் இன்னும் இழுக்கிறது. தூக்க, குளிப்பாட்ட, தோளில் போட்டு ஏப்பம் விடவைக்க எல்லாவற்றுக்கும் அவள் அம்மா இருந்தார். இன்றைக்குப் பார்த்து அவர் பொள்ளாச்சிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டார். போகும்போது, "நீங்க இருக்கறீங்கல்ல மாப்ள," என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் இருக்கிறேன். பிள்ளை பிறந்ததிலிருந்து இருந்துகொண்டுதான் இருக்கிறேன், தொட்டிலுக்குப் பக்கத்தில், கதவோரத்தில், கட்டிலின் கால்மாட்டில். தூக்கியதில்லை. கடையிலிருந்து வந்தால், சட்டையில் கண்ணாடித் தூள் இருக்கும், குளித்துவிட்டு வருகிறேன் என்பான். குளித்துவிட்டு வந்தால், தூங்குகிறாளே, எழுப்பவேண்டாம் என்பான். எழுந்திருந்தால், பசிக்கு அழுகிறாள் போலிருக்கிறது, உன்கிட்டயே இருக்கட்டும் என்பான். ஒவ்வொன்றும் நியாயமான பேச்சு, ஒன்றுகூடப் பொய் இல்லை. கண்ணாடித் தூள் உண்மையிலேயே கண்ணுக்குத் தெரியாது, வெயிலில் மின்னினால்தான் தெரியும். மாமியார் அதை நம்பி, "எம்மாப்ளைக்கு எவ்வளவு பதவிசு" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். பிருந்தா எதுவும் சொல்லவில்லை. நேற்று ராத்திரி மட்டும், சாப்பிடும்போது, "உங்க கைய நீங்க எதுக்கு இப்படிப் பாக்கறீங்க?" என்று கேட்டாள். பார்த்துக்கொண்டிருந்தோமா? இருக்கலாம். விரல்களில் பழைய கீறல்கள் பென்சில் கோடு மாதிரி குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. தோல் சில இடங்களில் சொரசொரப்பு. இந்தக் கையால் ஆள் உயரக் கண்ணாடியைத் தனியாக மாடிப்படி ஏற்றியிருக்கிறான். கண்ணாடிக்கு விளிம்பு உண்டு, எங்கே பிடிக்கவேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். கட்டரால் கோடு இழுத்து, மேசை ஓரத்தில் வைத்து ஒரு அழுத்து அழுத்தினால், உடைவதற்கு முன்னால் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும், அதோடு சரி, அதற்குப் பிறகு யார் நினைத்தாலும் நிறுத்த முடியாது. அந்தச் சத்தம்தான் இப்போதெல்லாம் பிள்ளை பக்கத்தில் போனால் காதுக்குள் கேட்கிறது. பிள்ளைக்கு விளிம்பு இல்லை. எங்கே பிடிப்பது? கழுத்தே நிற்கவில்லை. தலை ஒரு பக்கம் போகிறது, கை ஒரு பக்கம் போகிறது, எல்லாம் ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ளாமல் போகின்றன.

ஹசீனா சின்ன டப்பா ஒன்றைத் தட்டிவிட, அதிலிருந்து ஒரே சீராக 'ஷ்ஷ்ஷ்' என்று சத்தம் வந்தது. வயிற்றுக்குள் இருந்தபோது இப்படித்தான் கேட்டுக்கொண்டிருக்குமாம், அது கேட்டால் குழந்தை அசந்து தூங்குமாம். பூபதிக்கு அது கடையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கண்ணாடி விளிம்பை உரசும் மெஷின் மாதிரி இருந்தது. பரவாயில்லை, எனக்கும் தெரிந்த சத்தம்தான், நாம் இரண்டு பேரும் ஒரே சத்தத்தில்தான் இருந்திருக்கிறோம் பாப்பா, என்று நினைத்துக்கொண்டான். நினைத்ததும் வெட்கமாக இருந்தது. ஹசீனா பிருந்தாவின் மடியிலிருந்து பிள்ளையை வாங்கினாள். எப்படி வாங்கினாள் என்று கூர்ந்து பார்த்தான். ஒரு கை தலைக்கு அடியில், இன்னொரு கை இடுப்புக்கு அடியில். அவசரமே இல்லை, தண்ணீரில் மிதந்து வருகிறமாதிரி வந்து, மெத்தைக் குழியில் முதலில் பாதம், அப்புறம் புட்டம், அப்புறம் முதுகு, கடைசியில்தான் தலை. வைத்தபிறகும் கையை எடுக்கவில்லை. பிள்ளையின் நெஞ்சுமேல் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே இருந்தாள். பிள்ளையின் தோளில் முயல்ரோமம் மாதிரி மெல்லிய முடி, கணுக்காலில் உரிகிற தோல், கால்கள் தவளைக்குட்டி மாதிரி தானாக மடங்கின. "பாத்தீங்களாண்ணா, நானாச் சுருட்டவே இல்ல, அவளாச் சுருண்டுக்கறா. இன்னும் வயித்துக்குள்ள இருக்கற ஞாபகம். பொறந்து ரெண்டு வாரத்துக்குள்ளன்னு இதுக்குத்தான் சொல்றது. அதுக்கப்புறம் கால நீட்டிப் பழகிருவாங்க, சட்டுன்னு முழிச்சுக்குவாங்க. அதுக்கப்புறம் எடுத்தாலும் நல்லாத்தான் இருக்கும், ஆனா இது வராது."

அதுக்கப்புறம். அந்த வார்த்தை சட்டைப் பொத்தானில் மாட்டிய நூல் மாதிரி மாட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. போனவாரம் ஹசீனா போனில் இதையேதான் சொன்னாள். அப்போது பூபதிதான், இப்போ எதுக்கு, மூணு மாசம் போகட்டும், தலை நிக்கட்டும், வெளியாள் வந்து தொட்டால் ஏதாவது ஒட்டிக்கொள்ளும், அத்தைகூடத் திருஷ்டி படும் என்கிறார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனான். வெளியாள் சளி இருமலோடு வரமாட்டாளாம், கக்குவான் இருமலுக்கு ஊசி போட்டிருக்கிறாளாம், ஒரு பிள்ளைக்கு விரித்த துணியைத் துவைக்காமல் இன்னொரு பிள்ளைக்கு விரிக்கமாட்டாளாம். எல்லாவற்றுக்கும் பிருந்தா பதில் கேட்டு வைத்திருந்தாள். அப்படியும் அவன், தள்ளிப் போடலாமே, என்ன அவசரம், என்றபோது அவள் குரலை உயர்த்தவில்லை. தொட்டில் துணியை மடித்துக்கொண்டே, "அப்பவும் எல்லாரும் நாளைக்குப் பாத்துக்கலாம்னுதான் சொன்னாங்க," என்றாள். அவ்வளவுதான். மடித்த துணியைத் திரும்பவும் உதறி மடித்தாள். மூன்று வருஷத்தில் அவர்களுக்குள் அதைப்பற்றி வந்த முதல் வாக்கியம் அதுதான். அப்போது என்றால் எப்போது என்று கேட்கவேண்டியதில்லை. மூத்தவன். எட்டாம் மாதமே வந்து, இரண்டு நாள் ஆஸ்பத்திரி இன்குபேட்டர் பெட்டிக்குள் இருந்துவிட்டுப் போனவன். பெட்டி நன்றாக ஞாபகம் இருக்கிறது, அதுதான் கொடுமை. அது கண்ணாடி இல்லை, அக்ரிலிக். மூலைகளை வளைத்திருந்தார்கள், ஒட்டுப் போடவில்லை. பக்கத்துக்கு இரண்டு வட்ட ஓட்டை, கை விடுவதற்கு, அதற்குச் சின்ன மூடி. இவ்வளவு சுத்தமாக எப்படி வளைத்தார்கள் என்று நின்று பார்த்திருக்கிறான். பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தால் உள்ளே பார்க்கவேண்டியதில்லை. நர்ஸம்மா நல்ல மாதிரி, "கைய விட்டுத் தொடலாமுங்க, அப்பாவோட கை தெரியும் அவங்களுக்கு," என்றார். விரலில் ரெண்டு இடத்தில் கீறல் இருந்தது, பிளாஸ்திரி ஒட்டியிருந்தான். காயம் இருக்குதுங்க, நாளைக்கு வந்து தொட்டுக்கறேன் என்றான். பிருந்தாவை வார்டிலிருந்து சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள், அவள் தொட்டாள், அவள் கையை விட்டு வெகுநேரம் வைத்திருந்தாள். போட்டோ எடுக்கவேண்டாம் என்று அவனுடைய பெரியப்பாதான் சொன்னார், வீட்டுக்கு வரட்டும், நல்ல நாளில் எடுத்துக்கலாம் என்று. எல்லோரும் அன்பாகத்தான் சொன்னார்கள். இப்போது கண்ணை மூடினால் பெட்டி வருகிறது, ஓட்டை வருகிறது, ஓட்டையின் மூடி வருகிறது. முகம் வரவில்லை. எத்தனையோ தடவை முயன்று பார்த்தாயிற்று. டீக்கடையில் உட்கார்ந்து, வண்டி ஓட்டும்போது, அளவெடுக்கப் போன வீட்டில் அடுத்தவர் குழந்தை அழும்போது. வரவில்லை.

"அண்ணா, இப்ப வாங்க. வலது கையக் குடுங்க." எதற்கு என்று தெரியும். பிருந்தா போனில் சேர்த்து வைத்திருந்த படங்களில் ஒன்று, குழந்தை தன் இரண்டு கைமேலும் தாடையை ஊன்றிக்கொண்டு, யோசனையில் இருக்கிற பெரிய மனுஷி மாதிரி இருக்கும். அதைப் பார்த்துப் பூபதி அலறினான், கழுத்து நிக்காத பிள்ளை எப்படி இப்படி உட்காரும் என்று. எந்தப் பிள்ளையும் அப்படி உட்காராது என்று ஹசீனா அப்போதே சொல்லியிருந்தாள்: ஒரு படத்தில் ஒருவர் தலையைப் பிடித்திருப்பார், இன்னொன்றில் கைகளைப் பிடித்திருப்பார், பிறகு கம்ப்யூட்டரில் இரண்டையும் சேர்த்துப் பிடித்த கையை அழித்துவிடுவது. பாக்கிறவங்களுக்குத் தனியா இருக்கிற மாதிரி தெரியும், ஒரு நிமிஷம்கூடத் தனியா விடமாட்டோம்ங்கண்ணா. அந்தப் பிடித்த கை என்னுடைய கையாக இருக்கும் என்று அன்றைக்கு அவனுக்குத் தோன்றவில்லை. முட்டிபோட்டு உட்கார்ந்தான். ஹசீனா பிள்ளையை மெல்லக் குப்புறத் திருப்பி, கைகளைத் தாடைக்கு அடியில் மடித்துத் தாங்கிக்கொண்டு, அவனுடைய ரெண்டு விரலைப் பிடித்துப் பிள்ளையின் உச்சியில் வைத்தாள். சூடு. இவ்வளவு சூடாக இருக்கும் என்று யாரும் சொல்லவில்லையே. முடி ஈரமான பட்டுநூல். அதற்கு அடியில், எலும்பு இல்லாத இடத்தில், ஏதோ துடித்தது. விரல் நுனியைத் தொட்டுத் தொட்டு விலகியது. இது என்ன, இப்படித் திறந்து வைத்திருக்கிறார்களே, இதைத் திறந்து வைத்துக்கொண்டா இத்தனை மனுஷரும் வந்தோம், நானும் இப்படித்தான் வந்தேனா, என் தலையிலும் யாரோ விரல் வைத்திருந்தார்களா. "லேசாத்தாங்கண்ணா, தாங்கினாப் போதும், அழுத்தவேண்டாம்." தாங்கினான். டிக் சத்தம் எப்போது வேண்டுமானாலும் வரும். திடீரென்று பிள்ளை திடுக்கிட்டது, இரண்டு கையும் காற்றில் விரிந்தன, எங்கோ உயரத்திலிருந்து விழுகிற மாதிரி வாய் கோணியது. பூபதிக்கு விரலை வெடுக்கென்று எடுத்துவிடத் தோன்றியது. எடுத்துவிட்டால் என் கையால் எதுவும் ஆகவில்லை என்றாகிவிடும். "எடுத்தறாதீங்க," என்றாள் ஹசீனா, குரலில் பதற்றமே இல்லாமல். "உங்களப் பாத்துப் பயப்படல. தூக்கத்துல விழுற மாதிரி இருக்கும் அவங்களுக்கு. பிடிச்சிருந்தா அடங்கிருவாங்க." அவன் எடுக்கவில்லை. இன்னொரு கையை, யாரும் சொல்லாமலே, விரிந்த அந்தக் கைகளின்மேல் வைத்தான். கைகள் மடங்கின. ஒரு விரல் அவனுடைய விரலைச் சுற்றிக்கொண்டது, சரியாக அந்தச் சொரசொரப்பான இடத்தில், அதுதான் பிடிக்கு வசதி என்பது போல.

ஹசீனா இரண்டு தரம் கிளிக் செய்தாள். பிறகு கேமராவைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையின் பாதத்தைப் பார்த்தாள். பாதம் கொஞ்சம் கருஞ்சிவப்பாகத் தெரிந்தது. உடனே காலைத் தளர்த்தி, பிள்ளையை மெல்லப் பக்கவாட்டில் சாய்த்து, பாதத்தைத் தேய்த்துக் கொடுத்தாள், நிறம் திரும்பியது. "ஒண்ணுமில்ல, மடக்கியே வெச்சிருந்ததுல ரத்தம் நின்னுருது. இந்தப் படம் வேண்டாம்ங்க்கா, விட்டுரலாம்." பிருந்தாவின் முகம் சின்னதாகிவிட்டது. "இன்னொருக்கா மட்டும் பாக்கலாமா? கொஞ்சம் கழிச்சு? அது ஒண்ணுதான் ரொம்ப ஆசைப்பட்டேன்." "அவளுக்குப் பிடிக்கலைங்க்கா. இப்படித் திடுக்குன்னா, பிடிக்கலைன்னுதான அர்த்தம். தூங்கறவளத் தூங்குற மாதிரியே எடுக்கலாம்." பேச்சு அதோடு முடிந்தது. பூபதிக்கு இந்தப் பெண்மேல் திடீரென்று பெரிய மரியாதை வந்தது. அவளுக்குப் பிடிக்கலை. பதினோரு நாள் ஆள், பெயர்கூட இன்னும் வைக்கவில்லை, அவளுக்குப் பிடிக்கிறதும் பிடிக்காததும் உண்டு, அதைக் கேட்டு நடக்கவும் ஒருத்தி இருக்கிறாள். பிருந்தாவிடம், விடு புள்ள, என்று சொல்ல வாயெடுத்தபோது ஹசீனா திரும்பி, "அண்ணா, பனியனக் கழட்டிருங்க," என்றாள். என்னது? "அப்பா நெஞ்சுமேல போட்டு ஒண்ணு எடுக்கலாம். உங்க சூட்டுக்கு நல்லா அடங்குவா." அவனுக்குத் தன் வயிறு ஞாபகம் வந்தது, நெஞ்சு முடி ஞாபகம் வந்தது, வேர்வை நாறுமோ என்று வந்தது. இதெல்லாம் எதற்கு, பிருந்தாவை வைத்து எடுங்கள் என்று சொல்லலாம், அவளுக்குத் தையல் வலிக்கும், அத்தை வந்தபிறகு எடுக்கலாம், நாளைக்கு... நாளைக்கு என்கிற சொல் நாக்குவரை வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டுப் பனியனைக் கழற்றினான். ஈரத்துணியை எடுத்து ஹசீனா அவனிடம் கொடுக்க, நெஞ்சைத் துடைத்துக்கொண்டான். கட்டிலில் தலையணைகளில் சாய்ந்து படுக்கச் சொன்னாள். "நீங்க வாங்கவேண்டாம், நான் வெக்கறேன். ஒரு கை இங்க, பின்னந்தலைக்கு. இன்னொண்ணு கீழ. மூக்கு மூடாம பக்கவாட்டுல திரும்பியிருக்கோணும், அது மட்டும் பாத்துக்கங்க. அவ்வளவுதாண்ணா. வந்துட்டா."

வந்துவிட்டாள். கனம் இல்லை என்று நினைத்திருந்தான், கனம் இருந்தது. கனம் என்றும் சொல்லமுடியாது, ஒரு அமுக்கம், உள்ளேயிருந்து யாரோ கதவில் சாய்ந்திருக்கிற மாதிரி. அவள் மூச்சு அவன் நெஞ்சு முடியில் ஊர்ந்து கூசியது. தொண்டைக்குக் கீழே ஒரு கன்னம், பால் வாசனை, புளிப்பும் இனிப்புமாக. கேமரா கிளிக் கிளிக் என்றது, எங்கே பார்ப்பது என்று கேட்கத் தோன்றவில்லை. அவள் காதைப் பார்த்தான். காது இன்னும் விரியாமல் ஓரத்தில் மடங்கியிருந்தது. புருவம் இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குப் புருவம். மேலுதட்டில் பால் குடித்துக் குடித்து ஒரு சின்னக் கொப்புளம். தூக்கத்தில் எதையோ சப்பினாள், எதற்கோ கோபப்பட்டாள், உடனே மன்னித்துவிட்டாள். இவ்வளவு நடக்கிறதா ஒரு முகத்தில். ஒரு நொடிக்குள் இவ்வளவு நடக்கிறது என்றால், இரண்டு நாளில் எவ்வளவு நடந்திருக்கும். அவனும் இப்படிச் சப்பியிருப்பான், இப்படிக் கோபப்பட்டிருப்பான். அங்கே யார் பார்த்தார்கள். பார்த்த ஆள் இதோ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள், மூன்று வருஷமாக ஒரே வீட்டில், ஒரே தட்டில் பரிமாறிக்கொண்டு, முழுவதையும் தனியாக வைத்துக்கொண்டு. நான் கேட்டால் அழுவாள் என்று நான் கேட்கவில்லை. அவள் சொன்னால் நான் உடைவேன் என்று அவள் சொல்லவில்லை. "ஏம் புள்ள," என்றான். நெஞ்சு அதிர்ந்தால் பிள்ளை எழுந்துவிடும் என்று மெல்லத்தான் பேசினான். "பையனுக்கு முடி இருந்துச்சா?"

கேமராச் சத்தம் நின்றது. டப்பா மட்டும் ஷ்ஷ்ஷ் என்றது. பிருந்தா எந்தப் பையன் என்று கேட்கவில்லை. "நெறையா," என்றாள். "நெத்தி வரைக்கும் எறங்கியிருந்துச்சு. சுருட்டை இல்ல, இவளாட்டவே நேரா." கேட்கப்படாத கேள்விக்கும் சேர்த்துச் சொன்னாள்: "காது உங்களுது. அப்படியே. மோவாய் எங்கப்பாவுது. எங்கைய ஒரு தடவ புடிச்சான்ங்க. டியூப்பெல்லாம் இருந்துச்சு, அப்படியும் புடிச்சான்." ஹசீனா, பேட்டரி மாத்தோணும், என்று யாருக்கும் கேட்காத குரலில் சொல்லிக்கொண்டு கேமராவைக் கட்டிலில் வைத்துவிட்டு முன்னறைக்குப் போனாள். பூபதி அழுதான் என்று சொல்லமுடியாது, கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று, துடைக்க வழியில்லை, இரண்டு கையிலும் ஆள் இருந்தது. நெத்தி வரைக்கும் முடி. காது என்னுடையது. கண்ணை மூடினான். பெட்டி வந்தது, ஓட்டை வந்தது. அதற்கு அந்தப்பக்கம், தெளிவில்லாமல், ஈரம்பட்ட கண்ணாடி வழியாகத் தெரிகிற மாதிரி, ஒரு காது தெரிந்தது. "பயமா இருந்துச்சு புள்ள," என்றான். "தெரியுமுங்க," என்றாள் பிருந்தா. "எனக்கும்தான்." நாற்காலியை இழுத்துக்கொண்டு, தையலைப் பிடித்துக்கொண்டு, கட்டில் பக்கத்தில் வந்தாள். அவள் கையை அவன் முழங்கைமேல் வைத்த அதே நேரத்தில் அவன் வயிற்றில் வெதுவெதுப்பாக ஏதோ பரவியது. முதலில் புரியவில்லை. ஏதோ ஆகிவிட்டது என்று ஒரு கணம் உயிரே நின்றது. அப்புறம் தொப்புளில் குளம் கட்டி, இடுப்போரமாக வழிந்து, வேட்டியை நனைத்துக்கொண்டு மெத்தைவரை போனது. "பேஞ்சுட்டா," என்றான். பிருந்தா வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ, சிரிக்க வெக்காதீங்க, தையல் வலிக்குது," என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள், அழுதாள், மறுபடியும் சிரித்தாள். முன்னறையிலிருந்து ஹசீனா, "நனைச்சுட்டாளா? என்கிட்ட வர்ற எல்லாரும் அதச் செய்யாமப் போறதில்லைங்கண்ணா, துண்டு அங்க கட்டிலோரம் என் பையில இருக்கு, நான் வரட்டுமா?" என்று குரல் கொடுத்தாள். "கொண்டாங்க, பாப்பாவ நான் வாங்கிக்கறேன், நீங்க போய்க் கழுவிட்டு வாங்க," என்று பிருந்தா இரண்டு கையையும் நீட்டினாள். "நீ உக்காரு," என்றான் பூபதி. பிள்ளை அசையவே இல்லை, இவ்வளவு வேலை செய்துவிட்டு ஆழ்ந்து தூங்கியது. அதன் பின்னந்தலையும் முதுகும் தன் இடது கைக்குள் அடங்குகிறதா என்று பார்த்தான். அடங்கியது. வலது கையை மெல்ல விடுவித்து நீட்டித் துண்டை எடுத்தான்.